உதவியும் உதவியாளரும்: அரச பதவிப் பெயர்களில் தரமும் தமிழும்

பிரதேச செயலகம் ஒன்றின் பெயர்ப்பலகைகளைக் கொஞ்சம் ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். ஓர் அறையில் ‘உதவிப் பிரதேச செயலாளர்’ இருக்கிறார். பக்கத்து மண்டபத்தில் கோவைகளுக்கு நடுவே இருப்பவர் ‘முகாமைத்துவ உதவியாளர்’ (அவர் இப்போது ‘உத்தியோகத்தர்’ ஆகிவிட்டார், அதற்குப் பிறகு வருவோம்). கதவடியில் நிற்பவர் ‘அலுவலக உதவியாளர்’. மூவருக்கும் பொதுவான சொல் ‘உதவி’. ஆனால் உதவி முன்னால் ஒட்டிக்கொண்டவர் நிறைவேற்றுத் தரத்தைச் சேர்ந்தவர். உதவி பின்னால் வந்த இருவரும் அவருக்குப் பல படி கீழே. இதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்கு விளங்குகிறது. தரம் என்பது சம்பள அட்டவணையில் மட்டும் இல்லை. பெயரின் இலக்கணத்துக்குள்ளும் குந்திக்கொண்டிருக்கிறது.

முதலில் அட்டவணையைப் பார்ப்போம். இலங்கை அரச சேவையின் இன்றைய வகைப்படுத்தலுக்கு அடித்தளம் 06/2006 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை. 03/2016 சம்பளத்தை மாற்றியது. கட்டமைப்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. அடியில் ‘பீ.எல்.’ எனும் ஆரம்ப மட்டம். அதற்கு மேல் முகாமைத்துவத்துக்கு ‘எம்.என்.’, தொழினுட்பத்துக்கு ‘எம்.ரீ.’. ஆசிரியர், அதிபர்மாருக்குத் தனியாக ‘ஜீ.ஈ.’. உச்சியில் ‘எஸ்.எல்.’ எனும் சிரேஷ்ட மட்டம். ஒவ்வொரு சேவைக்குள்ளும் மீண்டும் தரங்கள். நிர்வாக சேவையில் நுழைபவர் மூன்றாம் தரம். பிறகு இரண்டு, ஒன்று. ஒன்றுக்கு மேல் எண் இல்லாதபடியால் ‘விசேட தரம்’. ஒரு தரத்திலிருந்து மற்றதற்குப் போக வருடங்களும் வேண்டும், வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சையும் வேண்டும். ஓட்டப்போட்டிக்குரிய பெயர் போலக் கேட்டாலும் கடதாசியில் எழுதும் பரீட்சைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, நமது முறையில் தரம் கதிரைக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. இரண்டாம் தர உத்தியோகத்தர் அமைச்சில் இருந்தாலும் செயலகத்தில் இருந்தாலும் இரண்டாம் தரம்தான். இடமாற்றக் கடிதத்தோடு தரமும் கூடவே பயணம் போகிறது. சேவைக்காலம் நெடுகிலும் ஆளோடு ஒட்டிக்கிடக்கும் ஒன்று, கந்தோர் மூடியதும் கழன்று விழுமா? கலியாணப் பேச்சிலும் அதுதான் முதற் கேள்வி. “மாப்பிள என்ன கிறேட்டாம்?”

‘தரம்’ என்ற சொல்லே நம்மிடம் படுகிற பாடு பெரிது. பாடசாலையில் தரம் 1 அடிப்படி. பிள்ளை அங்கிருந்து தரம் 13 வரை ஏற வேண்டும். அதே பாடசாலையில் ஆசிரியர் 3-I, 2-II, 2-I என்று எண்ணைக் குறைத்துக் குறைத்துத் தரம் 1 நோக்கி ஏறுகிறார். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ஏணிகள், ஒன்று தலைகீழ். மூன்றாவது பொருளும் உண்டு: நன்மை, உயர்வு. ‘தரமான நூல்’ என்கிறோமே, அது. படிநிலையைச் சொல்லும் தரமும் உயர்வைச் சொல்லும் தரமும் ஒரே ஒலியில் இருப்பதால், முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்ற மயக்கம் எளிதாக வந்துவிடுகிறது.

ஏணியே கூடாது என்பது என் வாதமல்ல. ஏணி இல்லாத காலத்தில் என்ன இருந்தது? வன்னியனார், உடையார், விதானை என்று குடும்பச் செல்வாக்கில் தங்கிய பதவிகள். பரீட்சையும் சேவைப் பிரமாணமும் வந்த பிறகுதான் ‘நீ யாருட மகன்’ என்ற கேள்வியின் பலம் குறைந்தது. 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் முதல் முஸ்லிமாக ஏ.எம்.ஏ. அஸீஸ் நுழைந்ததும் பரீட்சை வாசலால்தான். 1963இல் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை உருவானபோது அந்த வாசல் இன்னும் அகலமானது. ஏணி நமக்கு நன்மை செய்திருக்கிறது. என் வழக்கு அதற்கு நாம் சூட்டிய தமிழோடு.

அந்தத் தமிழ் மேலே போகப்போக உயர்த்துகிறது. கீழே வரவர அமுக்குகிறது. ‘ஏஜன்ட்’ என்றால் இன்னொருவருக்காகக் கருமமாற்றுபவர், முகவர். அரசாங்கத்தின் ஏஜன்டைத் தமிழ் ‘அரசாங்க அதிபர்’ ஆக்கிவிட்டது. அதிபர் என்பது தலைவன், அரசன் என்ற பொருளுடைய சொல். ‘கொமிஷனர்’ ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். தமிழில் அவர் ‘ஆணையாளர்’, ஆணையைத் தன் கையில் வைத்திருப்பவர். ‘டிரெக்டர்’ வழிகாட்டி நடத்துபவர். தமிழில் ‘பணிப்பாளர்’, பணிப்பவர், கட்டளையிடுபவர். அதில் ஓர் இடத்தை மட்டும் மாற்றினால் ‘பணியாளர்’. பணிப்பவருக்கும் பணிபவருக்கும் இடையிலுள்ள முழுத் தூரமும் ‘ப்பா’வுக்கும் ‘யா’வுக்கும் இடையில் கிடக்கிறது.

கீழே வந்தால் ‘சிற்றூழியர்’. ஊழியர் என்பது போதாமல் ‘சிறு’வையும் சேர்த்தோம். ஆரம்ப மட்டத்தின் உட்பிரிவுகள் ஆங்கிலத்தில் திறன் உள்ளது, அரைத் திறன், திறன் இல்லாதது என்று போகின்றன. ஒரு பதவிக்கு எந்தப் பயிற்சித் தகைமை கேட்கப்படுகிறது என்பதே அதன் கருத்து. அதில் இருக்கும் மனிதரைப் பற்றியதல்ல. ஆனால் முப்பது வருடமாகப் பதிவறையைக் காத்து, எந்தக் கோவை எந்த இறாக்கையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மனிதருக்குத் தமிழில் ‘திறனற்றவர்’ என்று எழுதிப் பாருங்கள். அட்டவணையில் பதவியைச் சொல்லும் சொல், தமிழுக்கு வந்ததும் ஆளைச் சொல்கிறது.

இந்தக் காயத்துக்கு நாம் கண்ட மருந்து பெயரை மாற்றுவது. சனத்தின் ‘கிளாக்கர்’ எழுத்தில் ‘எழுதுவினைஞர்’ ஆக இருந்தார். பின்னர் முகாமைத்துவ உதவியாளர் ஆனார். இப்போது முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். விதானை 1963இல் கிராம சேவகர் ஆனார். பிறகு ‘சேவகர்’ உறுத்தியது, கிராம உத்தியோகத்தர் ஆனார். ‘நிர்வாக சேவை’ என்பதில் உள்ள சேவை எவருக்கும் உறுத்தவில்லை. அதே சேவையைச் செய்பவரைச் சேவகர் என்றால்தான் குறைவு! மக்கா, மதீனா இரு புனிதத் தலங்களின் ‘காதிம்’, அதாவது சேவகர், என்பதைச் சவூதி மன்னர் தம் பட்டமாகவே வைத்திருக்கிறார் என்பதை அறிந்த சமூகம் நாம். சனம் மட்டும் இந்த மாற்றங்களைக் கணக்கெடுக்கவில்லை. பெயர் மாறி எத்தனையோ காலமாகியும், “ஜீ.எஸ்.இட்டக் கடிதம் எடுத்துக்கு வா” என்றுதான் இன்றும் உம்மாமார் சொல்கிறார்கள். அந்த ‘எஸ்’ பழைய சேவகருடையது.

பெயர் மாற்றத்தில் நாம் இழந்தது என்ன? வேலையை. எழுதுவினைஞர் எழுதுகிறவர் என்று பெயரே சொன்னது. மருத்துவிச்சி என்றால் பிரசவம் பார்ப்பவர் என்று படிக்காத மனிசிக்கும் தெரியும். ‘குடும்பநல உத்தியோகத்தர்’ என்றால்? ‘அபிவிருத்தி உத்தியோகத்தர்’ என்றால்? தரம் தெரிகிறது, செய்கிற தொழில் தெரியவில்லை. காணி விசயமாக வந்த ஒருவர் வரிசையாகத் தொங்கும் ‘உத்தியோகத்தர்’ பலகைகளுக்கு முன்னால் நின்று, “காணி பாக்கிற ஐயா எங்க?” என்று கடைசியில் கதவடியில் நிற்பவரிடம்தான் கேட்கிறார். அவர்தான் வழிகாட்டுகிறார். பொதுமக்களுக்காக எழுதப்பட்ட பலகை பொதுமக்களுக்கு உதவவில்லை என்றால் அது மொழியின் தோல்வி.

இந்த நோய் இலக்கியத்துக்குள்ளும் வந்துவிட்டது என்பதே இதை ஓர் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதற்குக் காரணம். நமது கவிதை நூல்களின் பின்னட்டையை வாசியுங்கள். கவிஞரின் சேவை, தரம், வகித்த பதவிகள் வரிசையாக இருக்கும். கவிதையைப் பற்றி இரண்டு வரி இருக்காது. வெளியீட்டு விழா அழைப்பிதழில் பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி என்று பெயர்கள் பெரும்பாலும் அரச ஏணியின் வரிசையிலேயே இறங்கி வரும். பள்ளியில் ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் நாம், மண்டபத்துக்குள் வந்ததும் கதிரைகளைத் தரப்படி அடுக்குகிறோம். நூலை ஆய்வு செய்யவந்தவர் கடைசியில் பேசுகிறார். அதற்குள் முன்வரிசை எழும்பிப் போய்விடுகிறது. விமர்சனத்துக்கென்று சொந்த அளவுகோல் இல்லாதபோது கந்தோரின் அளவுகோல் அந்த இடத்தில் வந்து உட்காருகிறது.

மஹாகவி எழுதுவினைஞராகத் தொடங்கிப் பின்னர் நிர்வாக சேவைக்குப் போனவர். அவருடைய எந்தக் கவிதை எழுதுவினைஞர் எழுதியது, எந்தக் கவிதை நிர்வாக உத்தியோகத்தர் எழுதியது என்று பிரித்து வாசிப்பவர் எவருமில்லை. அஸீஸ் 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். 1948இல் அந்த உச்சி ஏணியை விட்டு இறங்கிக் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். விலகியபோது அவர் எந்த வகுப்பில் இருந்தார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. அறிஞர் அஸீஸ் என்கிறோம். அந்த ‘அறிஞர்’ எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத பதவி.

செய்யக்கூடியவை இரண்டு. அரச கரும மொழிகளுக்குப் பொறுப்பானவர்கள் ஒரு பதவிக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும்போது, சிங்களச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் முடிவெடுக்கக் கூடாது. அந்தக் கதவைத் தட்டப்போகும் மனிதருக்கு உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று விளங்குமா என்பதையும் கேட்க வேண்டும். தமிழ் படித்தவர்களும் அந்த மேசையில் இருக்க வேண்டும். மற்றது நமது கையிலேயே உள்ளது. அடுத்த நூல் வெளியீட்டின் அழைப்பிதழில் எந்தப் பெயருக்கும் பின்னால் சேவையும் தரமும் போடாமல் அச்சடித்துப் பார்ப்போம். நூலை முழுதாக வாசித்தவரை முதலில் பேச விடுவோம்.