வாயில் தெர்மாமீட்டர் வைத்த பூமி

2022 ஜூன் 5. பெருங்குடி பக்கம் எங்க அபார்ட்மென்ட்ல சுற்றுச்சூழல் தின ஓவியப் போட்டி. நடுவர்கள்ல நானும் ஒருத்தன் (கோட் ரிவியூ பண்றவனுக்குப் படம் பார்க்கத் தெரியும்னு யாரோ நம்பிட்டாங்க).

பாதிக்கு மேல ஒரே படம்தான்: வாயில தெர்மாமீட்டர் வெச்ச பூமி, ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் கருகலுமா ஒரு மரம், உருகும் பனிக்கட்டி மேல துருவக்கரடி. நேர்த்தியான கைவேலை. ஆனால் இந்த பூமி அழுமே தவிர, யார் அழ வைத்தார்கள் என்று சொல்லாது. பெரியவங்களுக்கு இது பிடிக்கிறதே அதனாலதான்னு நினைக்கிறேன்.

ஒரு படம் மட்டும் வேற. சாத்தின ஜன்னல், இடுக்குல ஈரத்துணி, வெளியே பழுப்பு வானம். உள்ளே ஒரு பாட்டியோட முதுகு, கையில இன்ஹேலர். மரம் இல்லை, வாசகம் இல்லை, பச்சை நிறமே இல்லை. அந்த ஏப்ரல்லதான் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடிச்சு நாள்கணக்கா புகைஞ்சது. அதை ஒட்டின பள்ளிக்கரணை சதுப்புநிலம் ராம்சார் பட்டியல்ல சேர்ந்ததும் அதே வருஷம்தான். எங்க வீட்லயும் ஜன்னலை அப்படித்தான் சாத்தி வெச்சிருந்தோம்.

நான் போட்ட மார்க், பத்துக்கு நாலு. 'தலைப்புக்குப் பொருந்தவில்லை'ன்னு குறிப்பு வேற. முதல் பரிசு தெர்மாமீட்டருக்குப் போச்சு.