மனுவும் மன்றோவும்

வெள்ளையன் வருமுன் ஆலமரத்தடியில் அறம் அரசோச்சியது என்கின்றனர் பழமை விரும்பிகள். வெள்ளையன் வந்த பின்னரே சட்டத்தின்முன் எல்லோரும் சமமாயினர் என்கின்றனர் வேறு சிலர். இரு கூற்றுகளையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அவ்வுரைகல், சென்னை மாகாணத்துக்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி 1816ஆம் ஆண்டில் இயற்றிய 11ஆவது ஒழுங்குவிதி.

திண்டுக்கல் சீமை 1792இல் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறிற்று. மலைக்கோட்டையில் கொடி மாறியது. கீழே சமவெளிச் சிற்றூர்களில் என்ன மாறியது? தாமஸ் மன்றோ தலைமையிலான நீதிக்குழுவின் முயற்சியால் வந்த 1816ஆம் ஆண்டு விதிகள், ஊர்த்தலைவரையே கிராம முன்சீப் ஆக்கின. 10 ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் தீர்க்கலாம். வசவு, கைகலப்பு போன்ற சிறு குற்றங்களுக்குத் தண்டனையும் அளிக்கலாம்.

அந்தத் தண்டனையைப் பாருங்கள், தோழர்களே! குற்றம் ஒன்று; தண்டனை இரண்டு. மற்றவர்க்கு ஊர்ச்சாவடியில் 12 மணி நேரம் வரை காவல். 'தாழ்ந்த சாதி' எனப்பட்டோர்க்கு 6 மணி நேரம் வரை தொழுமரம்! மரத்துளையில் காலைப் பூட்டி, ஊரார் பார்க்க உட்கார வைக்கும் கொடுமை. நேரம் பாதிதானே என்பர், மானம்? அது இழிவான தண்டனை என்பதை அவ்விதியே ஒப்புக்கொள்கிறது. அந்த இழிவைச் சுமத்துவது தகாதது என்று கருதப்படாத மக்களுக்கே அது உரியது என்றும் கூறுகிறது. சாதிக்கொரு தண்டனை மனுவின் முறை. அதற்கு முத்திரை குத்தியது மன்றோவின் காலம்.

ஆப்பிரிக்காவிலும் இதே நாடகம் நடந்தது. அரசரின்றி வாழ்ந்த கிழக்கு நைஜீரிய இக்போ மக்களிடையே, ஆங்கிலேயர் தாமே சிலரைத் தலைவர்களாக்கிச் 'சுதேச நீதிமன்றங்களில்' அமர்த்தினர். 1929இல் வரியச்சத்தால் கொதித்தெழுந்த பெண்கள் அந்நீதிமன்றங்களையே தாக்கினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கும் வழக்கம் என்ற பெயரில் அமர்ந்தது, அந்நியன் முத்திரை பெற்ற உள்ளூர் ஆதிக்கமே.

ஏழைக்கு நீதி எட்டும் தொலைவில் வேண்டும், மறுக்கவில்லை. நகரத்துக்கு நடந்து, வக்கீலுக்குக் கொடுத்து வழக்காட அவனால் இயலாது. ஆனால் அருகில் இருப்பதாலேயே ஒன்று நீதியாகிவிடுமா? நிலமும் ஒருவனிடம், நீதியும் அவனிடமே எனில், கூலியாள் எங்கே முறையிடுவான்?

கிராம முன்சீப் பதவி 1980இல் ஒழிந்தது. கட்டப் பஞ்சாயத்து சட்டத்துக்குப் புறம்பானது என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2011இல் உரைத்தது. ஏட்டில் மாறியது நாட்டிலும் மாறவேண்டும். அதற்கு இளைஞர்கள் கேட்கவேண்டிய கேள்வி சிறியது. ஆலமரத்தடியின் பெருமை பேசுவோரிடம் கேளுங்கள்: அங்கே அமர்ந்திருந்தவர் யார்? கைகட்டி நின்றவர் யார்?