நீலக்கொடியும் ஒதுங்கும் உடம்பும்

அக்கா பையன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். ராத்திரி வந்ததும் படிக்கிற மேசையில் ஸ்டியரிங்கை முடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுவான். கூட ஓட்டுகிறவர்கள் எங்கெங்கோ நாடுகளில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள். பையன் மெதுவானவன், சுற்றுக்கு 4 விநாடி பிந்துவான். ஒருநாள் பின்னால் வந்தவன் ஹெட்போனுக்குள் கத்தினான். இங்கிலீஷ்தான். ஆனால் அர்த்தம் நம்மூர் அர்த்தம்: 'ஒதுங்குடா'. பையன் பதறி ஒதுங்கினான். அவன் ஒதுங்கிய பக்கமே மற்றவனும் வந்திருந்தான். இரண்டு காரும் சுவரில். திட்டு வாங்கியது நம்ம பையன்.

'ஏண்டா ஒதுங்கினே' என்று கேட்டேன். 'தெரியல மாமா, தானா வந்திடுச்சு' என்றான்.

இந்தத் 'தானா' என்பதைத்தான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது. மீஞ்சூரிலிருந்து காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் போகிற சாலைகளில் கன்டெய்னர் டிரெய்லர் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கிவிடுகிறான். யோசித்து இறங்குவதில்லை, உடம்பு இறங்குகிறது. இதற்குச் 'சாலை நாகரிகம்' என்று பெயர். ஊர்த்தெருவில் சேரிக்காரன் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போனதற்கும் 'மரியாதை' என்றுதான் பெயர் இருந்தது. வைக்கத்தில் 1924இல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. பந்தயமும் தீண்டாமையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்வது அசிங்கம். வழிவிடுதலை ஒரு பண்பாகப் பேசும் சொல்லாடல், யார் யாருக்கு விடுவது என்பதை எப்போதும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது என்கிறேன்.

ஃபார்முலா ஒன்னில் அந்த முடிவுக்கு நிறம் நீலம். ஒரு முழுச்சுற்று முன்னே போய்விட்டவன் பின்னால் வரும்போது நீலக்கொடி காட்டுவார்கள். மெதுவானவன் வழிவிட்டே ஆகவேண்டும், இல்லையென்றால் தண்டனை. 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங். கோவையின் நரேன் கார்த்திகேயன் ஹெச்.ஆர்.டி. காரில். முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் தகுதி நேரத்தைக்கூட எட்டாத கார் அது. செபாங்கில் மழையால் ஒரு கட்டத்தில் 10ஆவது இடம்வரை வந்திருந்தார், அது யாருக்கும் நினைவில்லை. முந்த முயன்ற ஜென்சன் பட்டன் அவர்மேல் மோதினார், தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். பின்னர் நான்காவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டல் கார்த்திகேயனைக் கடந்தபோது அவரது பின்சக்கரம் உரசி டயர் போயிற்று. அவர் முட்டாள் என்றார், ஜெர்மனில் வெள்ளரிக்காய் என்றார். நடுவர்கள் 20 விநாடி தண்டனையைக் கார்த்திகேயனுக்கு விதித்தார்கள். ஒரே மழை, ஒரே மெதுவானவர், உலகச் சாம்பியன்கள் இருவர். மோதலின் கதையை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் குற்றவாளி மாறிவிடுகிறான்.

இங்கேதான் கணினிப் பந்தயம் வியப்பூட்டுகிறது. 2008இல் வந்த ஐரேசிங்கில் நீலக்கொடி கட்டளையல்ல, தகவல். பத்திரமாகக் கடக்கும் பொறுப்பு கடக்கிறவனுடையது. மெதுவானவன் செய்யவேண்டியது தன் பாதையில் ஒழுங்காகப் போவது. இதில் கருணை ஒன்றுமில்லை, காரணம் சாதாரணமானது: பின்னால் வருகிறவன் உன் பாதையை வாசித்துத்தான் எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்கிறான். பிரேக் பிடிக்கும் இடத்தில் நீ திடீரென்று 'மரியாதை' காட்டினால் அவன் வாசிப்பு பொய்த்துப்போகிறது. (எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு வேறென்ன உவமை வரும்.) பணிவு விபத்தாகும் இடம் அது.

கொண்டாடிவிடவும் முடியாது. அங்கே கார்கள் பலமாக மோதிக்கொண்டால் இருவருக்கும் தலா 4 புள்ளி, குற்றம் யாருடையது என்ற கேள்வியே கிடையாது. கேள்வி கேட்காத நீதி சமத்துவம்போல் தெரியும், அவ்வளவுதான். கிரான் டூரிஸ்மோவில் இன்னும் மோசம்: சுற்று பின்தங்கியவனின் காரை ஆவியாக்கி, வேகமானவன் அதனூடாகவே போகும்படி செய்கிறார்கள். இடைஞ்சலுக்கு உடம்பே இல்லாமல் செய்துவிடுவது. அதிகாரத்தின் நெடுநாள் கனவு இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

விளிம்பு என்றாலே புனிதம் என்று எழுதும் நண்பர்கள் நம் பக்கத்திலும் உண்டு. வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்கும் வளைந்து மறிக்கிற மெதுவானவனை நான் ஆதரிக்கவில்லை. அவனும் வெட்டலும் ஒரே ஆசாமிதான், கார்தான் வேறு.

பையன் இப்போது ஒரு இங்கிலீஷ் வாக்கியம் மனப்பாடம் செய்திருக்கிறான்: என் பாதையில் போகிறேன், நீ பார்த்துக் கடந்துகொள் என்பதாக. நேற்று ராத்திரி அதைச் சொன்னான். பின்னால் வந்தவன் இரண்டு வளைவு பொறுத்து, நேர்ச்சாலையில் கடந்து போனான். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை. பையனும் கவனிக்கவில்லை. அவனுக்கு முன்னால் 17ஆவது இடத்தில் இன்னொரு மெதுவானவன் இருந்தான், அவனைப் பிடிக்க வேண்டியிருந்தது.