வெறியாட்டும் நோய்ப்பெயரும்

குறிஞ்சித்திணைப் பாடல்களில் வெறியாட்டு என்னும் துறை பயின்று வருதலை அகநூல் கற்பார் அறிவர். களவொழுக்கத்தில் நிற்கும் தலைவி, தலைவனைக் காணப் பெறாமையால் உடல் மெலிகின்றாள். அவள் மேனியிற் பசலை பாய்கின்றது. உண்ணாள், உறங்காள், ஆயத்தோடு ஆடாள். மகளின் வேறுபாடு கண்ட தாய் கலங்கிக் கட்டுவிச்சியைக் கேட்கின்றாள், வேலனை அழைக்கின்றாள். அவன் கழங்கிட்டு நோக்கி, இது முருகணங்கு என்கின்றான். களம் இழைக்கப்படுகின்றது, மறி அறுக்கப்படுகின்றது, வெறி அயரப்படுகின்றது. நோயின் உண்மைக் காரணமோ தலைவியும் தோழியும் அறிந்தது, ஏனையோர் அறியாதது.

இத்துறையைப் பற்றி இக்காலத்து எழுதப்படுவனவற்றுள் இருவகைப் போக்குகளைக் காண்கின்றோம். தலைவியின் மெய்வேறுபாடுகளை வரிசைப்படுத்தி, அவற்றுக்கு உளமருத்துவ நூல்களிலிருந்து மனச்சோர்வு நோய் முதலிய பெயர்களைப் பொருத்திக் காட்டுவது ஒன்று. வேலன் வெறியாட்டைப் பழந்தமிழர் கண்ட உளமருத்துவம் எனப் பாராட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் பாடல்கள் சொல்லும் பொருளுக்கு மாறானவை என்பது எம் கருத்து. அதனை நிறுவப் புகுமுன், நோய்ப்பெயர் என்பது யாது என நோக்குதல் வேண்டும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் முதற் பதிப்பை 1952-இல் வெளியிட்டது. 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பெரும்பாலும் காரணம் கூறுதலைத் தவிர்த்து, புறத்தே காணும் குறிகளை எண்ணி நோய்க்குப் பெயரிடும் முறையை மேற்கொண்டது. இன்ன குறிகளுள் இத்தனை, இத்துணை நாள் நிலைப்பின் இன்ன நோய் என்பது அம்முறை. மருத்துவர் இருவர் ஒரே நோயாளிக்கு இரு பெயர் இடும் குழப்பத்தைக் குறைக்க எழுந்தது அது, அப்பயனை மறுத்தற்கில்லை. எனினும் மனச்சோர்வு நோய் போன்ற பெயர்களைக் குருதி ஆய்வினால் உறுதிப்படுத்தும் நிலை இன்றும் வரவில்லை. அறிஞர் கூடி வகுத்த பெயர்களாதலின் அவை மாறவும் செய்கின்றன. ஒருபாற் காதல் நோயன்று என அச்சங்கம் 1973-இல் முடிவு செய்தமை யாவரும் அறிந்ததே.

ஈண்டுத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை ஒப்பு நோக்குதல் தகும். தொல்காப்பியரும் புறக்குறி கொண்டே அகத்தை உணர்த்துகின்றார். ஆயினும் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை உடன் கூறிச் செல்கின்றார். அழுகை என்பதற்கு, பிறரால் எளியராக்கப்படுதல், உரியவற்றை இழத்தல், பண்டை நிலை கெடுதல், பொருளின்மை என்னும் நான்கும் களன்களாகின்றன. அழுகை கண்டவன் அதன் களனைத் தேடாது அமைதல் அவர் நெறியன்று. அமெரிக்கக் கையேடோ வேறு வழிச் சென்றது. அன்புடையாரை இழந்து துயருறுவோரை மனச்சோர்வு நோயாளர் எனக் கொள்ளுதற்கு முன்னைப் பதிப்புகளில் ஒரு விலக்கு இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அவ்விலக்கை நீக்கிற்று. இழவின்பின் வரும் கொடுநோயைக் காணாது விடலாகாது என்பது நீக்கியோர் கூறிய காரணம். துயரையே நோயாக்குவதாகும் இது என்று மருத்துவர் பலரே எதிர்த்தனர். களனைக் கூறும் நூலையுடைய நாம், களனை நீக்கிய பெயரைக் கடன் வாங்கித் தலைவிக்குச் சூட்டுதல் எவ்வாறு பொருந்தும்?

இனி, இரண்டாம் போக்கு. வெறியாட்டைப் பாராட்டுவோர் பாடல்களில் அதனைப் பற்றிப் பேசுவார் யார் என்பதை எண்ணுதல் வேண்டும். நற்றிணை 34-ஆம் பாட்டில் தோழி முருகனையே விளித்து, இந்நோய் நின்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் வேண்ட வந்தனையாதலின், கடவுளாயினும் நீ அறியாமையுடையை என்கின்றாள். குறுந்தொகை 362-இல் அவள் வேலனை நோக்கி, நீ இடும் பலியை இவளுக்கு நோய் செய்த தலைவனது மார்பும் உண்ணுமோ என வினவுகின்றாள். அகநானூறு 22-இல், இரவில் தலைவன் வந்து கூடத் துயர் நீங்கிய தலைவி, தன் பொருட்டு வேலன் வீணே வருந்தியமை எண்ணி நகுகின்றாள். மூன்றும் வெறியாட்டின் வெற்றியைப் பாடியன அல்ல; நோய் நாடாது மருந்து செய்தலின் பொருந்தாமையைப் பாடியன.

அகநானூறு 98-ஆம் பாட்டு இதனினும் ஆழ்ந்தது. இதனைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். இத்துறையாலேயே பெயர் பெற்றவர். தலைவி தோழியிடம் இரு நிலைகளை எண்ணிப் பேசுகின்றாள். வெறியாடிய பின்னும் தன் பழைய வனப்பு மீளாதாயின், மறைந்த ஒழுக்கம் ஊரறிய அலராகும். முருகன் அருளால் மீளுமாயினோ, அவள் உற்ற துயர் பிறிதொன்றால் வந்ததெனத் தலைவன் கருதுவான். அதனைக் கேட்டு உயிர் வாழ்தல் முன்னையதினும் அரிது. சிகிச்சை தோற்பின் வரும் கேட்டைவிட, அது வென்றால் வரும் கேடே பெரிது என்கின்றாள்! குறி நீங்குதல் ஒன்றே நலம் எனக் கொள்வார்க்கு இப்பாட்டு விளங்காது. தன் துயருக்குத் தான் அறிந்த பொருள் ஒன்று உண்டு. அதனைப் பிறர் வேறு பெயரிட்டு மாற்றிவிடுதல் தன்னையே மாற்றிவிடுதலாகும் என்பது அவள் அச்சம்.

இவ்வச்சம் இற்றை நாளிலும் உயிருடையது. உளமருத்துவத்தை வினாவிய நூல்கள் பல ஏறத்தாழ ஒரே காலத்து எழுந்தன. இலெயிங் எழுதிய நூல் 1960-இலும், சாசு, பூக்கோ, கோப்மன் ஆகியோர் நூல்கள் 1961-இலும் வெளிவந்தன. அதே 1961-இல் இத்தாலியில் கொரிட்சியா நகர மனநல மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற பசாலியா, அடைக்கப்பட்டோரைப் பேச்சுக்கு உரியவராக்கினார். மருத்துவரும் பணியாளரும் நோயாளரும் ஒருங்கு கூடிப் பேசும் கூட்டங்களை நடத்தினார். பின்னர்த் திரியெசுத்தே நகரில் அவர் தொடங்கிய பணியின் பயனாக 1978-இல் இத்தாலி மனநோய்க் காப்பகங்களைப் படிப்படியாக மூடச் சட்டம் இயற்றிற்று. நெதர்லாந்தில் மாரியசு ரோம் என்னும் மருத்துவர், பிறர்க்குக் கேளாக் குரல் கேட்போரிடம் அக்குரல் என்ன சொல்கின்றது, எப்போது தொடங்கிற்று எனக் கேட்கும் முறையை 1987 முதல் வளர்த்தார். பின்லாந்தின் மேலை இலாப்லாந்துப் பகுதியில், நோயுற்றாரும் குடும்பத்தாரும் மருத்துவரும் உடனிருந்து உரையாடி, நோயுற்றார் முன்னிலையிலேயே முடிவெடுக்கும் முறை வளர்ந்தது. இவை தம்முள் வேறுபட்டனவேனும், துயருற்றார் சொல்லைச் சான்றாகக் கொள்ளுதலில் ஒன்றுபடுகின்றன.

இவற்றை எடுத்துக்காட்டுதலால் மருந்தை இகழ்ந்தேமாகக் கொள்ளற்க. 1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயன்கொள்ளப்பட்ட பின்னர், காப்பகங்களில் கிடந்தார் பலர் தெளிவு பெற்றனர். மனச்சோர்வு செரட்டோனின் குறைவால் வருவதென்ற எளிய விளக்கத்துக்கு உறுதியான சான்று இல்லை என 2022-இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கூறிற்று. விளக்கம் தளர்ந்ததனால் மருந்து பயனற்றது எனக் கொள்ளுதல் தவறு; மருந்தைத் திடீரென நிறுத்துதல் தீங்கும் ஆகும். உளநோய் என ஒன்று இல்லையென்ற சாசின் துணிபும் மிகையே. தன்னையும் பிறரையும் அறியாது துன்புறுவார் உளர். அகத்தலைவி அவருள் ஒருத்தி அல்லள். ஆதலின் அவளை முன்னிறுத்தி மருத்துவ வழக்கைத் தீர்த்துவிட இயலாது.

பழமை என்பதனாலேயே ஒரு முறை அருளுடையதாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. 2001 ஆகத்து 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தருக்காவை நாடி வந்தோரை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றிற்று. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி மாண்டார் 28 பேர். மனநோயரைச் சங்கிலியிற் பிணித்தலை இந்திய மனநலச் சட்டம் 2017-இல் வெளிப்படையாகத் தடை செய்தது. தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என முன்னரே எழுதிவைக்கும் உரிமையையும் அச்சட்டம் வழங்கிற்று. வேலன் களத்தில் தலைவிக்கு இல்லாத உரிமை அது.

அங்ஙனமாயின் வெறியாட்டுத் துறை நமக்குக் கற்பிப்பது யாது? குறுந்தொகை 23-ஆம் பாட்டு விடை தருகின்றது. ஔவையார் பாடிய அப்பாட்டில், கட்டுவிச்சி குறி கூறுங்கால் பல மலைகளைப் பாடி வருகின்றாள். தலைவனது குன்றத்தைப் பாடியதும் தோழி இடைமறித்து, அப்பாட்டையே மீண்டும் பாடுக என்கின்றாள். அவள் சடங்கைக் கலைக்கவில்லை. தாயைப் பழிக்கவும் இல்லை. குறி கேட்கும் களத்தையே உண்மை வெளிப்படும் இடமாக்குகின்றாள். அறத்தொடு நிற்றல் என இலக்கணம் இதற்குப் பெயரிட்டது. தோழியின் அறிவு நூலறிவு அன்று. உடன் உறைந்து கேட்டறிந்த அறிவு. கட்டுவிச்சியிடம் இல்லாததும் வேலனிடம் இல்லாததும் அதுவே.

ஆதலின், உளவியல் நோக்கில் அகப்பாடல்களை ஆராயப் புகும் மாணவர்க்கு யாம் கூறுவது இது. நோய்ப்பெயரைக் கொணர்ந்து பாட்டின்மேல் ஒட்டற்க. வேலனை மருத்துவனாக உயர்த்தவும் வேண்டா. பாட்டிற் பேசுவார் யார், பேசப் பெறாதார் யார், துயரின் களன் யாது என வினவுக. அவ்வினா மருத்துவமனை வாயிலிலும் கேட்கத்தக்கது.