செங்கேணியோடு யாரெல்லாம் நடந்தார்கள்?

'ஜெய் பீம்' (2021) பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. செங்கேணி மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போவாள்; ஜீப்பில் ஏறச் சொல்லிக் கெஞ்சியபடி போலீஸ் பின்னாலேயே வரும். லிஜோமோல் ஜோஸ் துளி அலட்டல் இல்லாமல் நடித்திருப்பார். சமரசப் பணத்தை மறுக்கும் இடமும் அப்படித்தான். என் குறை வேறு. இந்தப் படத்துக்கு மறுக்கிற பெண்ணைத் தெரியும். கூடி உட்கார்ந்து முடிவெடுக்கிற பெண்களைத் தெரியாது. மைத்ரா டீச்சர் ராத்திரியில் பாடம் சொல்லித் தருகிறார், வக்கீலிடம் கூட்டிப்போகிறார். அதற்கப்புறம் எல்லாத் திட்டமும் சந்துருவுடையது.

இருளர் பெண்கள் நிஜத்திலும் அப்படித்தானா?

நான் இருக்கிற படூரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் வடநெம்மேலி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்றுபோக, இருளர்கள் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்கிறார்கள். 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். பாம்பு என்றால் கேமரா தானாக வரும்.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், தண்டரையில், இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986-லிருந்து இருக்கிறது. மூலிகை வளர்ப்பு, மருந்து தயாரிப்பு, மரக்கன்று நாற்றங்கால் என்று வேலை. எந்தச் செடியின் எந்தப் பாகம் எதற்கு ஆகும் என்கிற அறிவு இந்தச் சமூகத்துப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதையே வருமானமாக்கிக்கொள்ள ஒரு சங்கம், அதுவும் தங்கள் பெயரிலேயே. யோசிச்சுப் பாருங்க, படத்தின் கதை நடப்பதாகச் சொல்லப்படும் 1990-களில் இந்தச் சங்கத்துக்குப் பத்து வயசு ஆகப்போகிறது.

வழக்குப் படத்தில் நாற்றங்காலுக்கு ஏது இடம் என்று கேட்கலாம். சரிதான். (படத்துக்கு மூலமான ராஜாகண்ணு இருளரே இல்லை, குறவர் சமூகத்தவர். இருளர் என்று மாற்றியது இயக்குநர் த.செ. ஞானவேலின் முடிவு.) ஒரு சமூகத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டும்போது அதன் எலிவேட்டை, செங்கல் சூளை, பாம்பு பிடிக்கிற லாவகம் எல்லாம் வருகிறது. நாலு பெண்கள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருகிற காட்சி மட்டும் வரவில்லை.

கடைசிக் காட்சியில் குழந்தை அல்லி, வக்கீலைப் பார்த்துக் கால்மேல் கால் போட்டுப் பேப்பரைப் பிரிக்கிறாள். தியேட்டரில் வந்திருந்தால் விசில் பறந்திருக்கும். அவளுக்கு எழுத்துச் சொல்லித் தந்த டீச்சர் அப்போது அந்த ஃப்ரேமில் இல்லை.