களவில் வல்ல பேய் எது?

பேயைத் தேர்ந்தெடுப்பதும் திறனாய்வின்பாற் படும் என்று கூறினால் நகைப்பார் உளர். யானும் அவ்வாறே நகைத்தவன்தான். பினாங்கு டத்தோ கிராமாட்டில் என் தம்பி இல்லத்தில் எழுந்த ஒரு வினா அந்நகைப்பை அடக்கியது. அங்கே இளைஞர் நால்வர் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தனர். கதையை நடத்தும் பொறுப்பேற்றிருந்த தம்பி மகன் என்னை நோக்கி, "பெரியப்பா, அடுத்த வாரக் கதைக்கு மூளையுள்ள ஒரு திருட்டுப் பேய் வேண்டும். நம்மிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டான். உடனே விடை கூற இயலவில்லை. ஒரு வாரம் எண்ணிய பின் யான் கூறிய விடையே இக்கட்டுரை.

இவ்வாட்டத்தை அறியாதார்க்குச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு மாந்தராகித் தம் செயலைத் தாமே சொல்வர். செயல் கைகூடுமா கூடாதா என்பதை இருபது முகப் பகடை பெரும்பாலும் முடிவு செய்யும். நாடகமும் கதையும் சூதும் கலந்த ஒன்று எனலாம். இதில் பேயும் பூதமும் அணிக்காக வருவன அல்ல. ஆடுவோர் எதைச் சிந்திக்க வேண்டும் என்பதை அவையே வகுக்கின்றன. ஆதலின் எப்பேயைத் தேர்வது என்பது சிறு வினா அன்று.

மேல்நாட்டு ஏட்டில்

அவ்வாட்டத்தின் பூதப் பட்டியல்களில் கள்வர்க்குக் குறைவில்லை. 1981இல் வந்த 'ஃபீண்ட் ஃபோலியோ' என்னும் தொகுப்பில் கென்கு என்னும் பறவை மாந்தர் உளர். ஜப்பானியரின் தெங்கு என்னும் பறவைப் பேயின் வழி வந்த இவர்கள் களவில் கைதேர்ந்தவர்கள். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இவர்களுக்கு ஒரு சாபமும் சேர்ந்தது. பறக்க இயலாது, தமக்கெனக் குரல் கிடையாது, கேட்ட ஒலியைத் திருப்பி ஒலிக்க மட்டுமே இயலும். இம்மாற்றம் நல்ல மாற்றம் என்பேன். முன்னைய கென்கு திறமை மட்டும் உடையது. பின்னைய கென்குவிற்குக் குறையும் உண்டு. குறை ஏற்பட்டவுடன் அது கதைமாந்தர் ஆகிவிடுகிறது.

அதே 1981 தொகுப்பில் நம் மலாய் நாட்டுப் பெனாங்கலானும் இடம்பெற்றுள்ளது. தலை மட்டும் குடலோடு பிரிந்து பறக்கும் அப்பேயைக் கடல் கடந்தவர் ஏற்றுக்கொண்டனர். நாமோ நம் வீட்டுத் திண்ணையில் பேசப்படும் பேயைப் பிறர் ஏட்டில் தேடுகிறோம்.

எட்டுத் துணைகள்

களவின் நுட்பம் பற்றித் தமிழில் உள்ள மிகச் சிறந்த பேச்சு எது? சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் ஊர்காவலரிடம் பேசுவதே அது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்துக் கள்வரின் துணைகள் எட்டினை அடுக்குகிறான். மந்திரத்தால் மறைவர், தெய்வத்தின் துணையால் தப்புவர், மருந்தால் நம்மை மயக்குவர், நிமித்தம் பார்த்தன்றிக் கைவையார், தந்திரத்தால் இந்திரன் மார்பிலுள்ள ஆரத்தையும் கவர்வர். இடம், காலம், கருவி ஆகிய மூன்றையும் சேர்த்தால் எட்டு ஆகும். இதற்கு ஒரு கதையையும் சான்றாகத் தருகிறான். தூதன் கோலத்தில் வந்த கள்வன் ஒருவன் இரவில் பெண் வடிவில் புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்தானாம். விழித்தெழுந்து மற்போரிட வந்த இளவரசன் எதிரே மணித்தூணை நிறுத்திவிட்டு மறைந்தானாம்.

ஆட்டம் நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை என்றே முதலில் எண்ணினேன். எட்டுத் துணையையும் ஒரே பேய்க்கு அளித்தால் அஃது ஒப்பற்ற கள்வன் ஆகுமன்றோ? ஆனால் மீண்டும் படித்தபோது என் எண்ணம் மாறியது. அவ்வெட்டும் சேர்ந்த கள்வனைப் பிடிக்க எவராலும் இயலாது. அவன் பகலிலும் வருவான், இரவிலும் வருவான், பார்த்தாலும் தெரியமாட்டான், தோற்றம் நல்லதாயினும் கள்வனே. இப்பேச்சைக் கேட்ட காவலர் ஆராய்வதை நிறுத்திவிடுகின்றனர். அவருள் ஓர் இளைஞன், மழைக்கால இருளில் தன் கைவாளையே பறித்துச் சென்ற கள்வன் ஒருவனை நினைவுகூர்கிறான். அச்சம் வளர்கிறது. இறுதியில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். கோவலன் வீழ்கிறான்.

ஆகவே பொற்கொல்லன் தந்தது களவின் இலக்கணம் அன்று. சிந்தனையை அடைக்கும் தாழ். ஆட்டத்திலும் இதுவே நிகழும். எவ்வழியாலும் பிடிக்கவொண்ணாத பேயைக் கொண்டுவந்தால் ஆடுவோர் எண்ணுவதை விடுத்து வாளை வீசத் தொடங்குவர். எட்டில் இரண்டோ மூன்றோ போதும். எஞ்சிய ஐந்தின் இன்மைதான் ஆடுவோர் நுழையும் வாயில்.

மதுரைக் காஞ்சி இதற்கு மாறான காட்சியைக் காட்டுகிறது. பேயும் அணங்கும் திரியும் அதே யாமத்தில் நூலேணியும் துளையிடும் கருவியும் கொண்ட கள்வர் திரிகின்றனர். அவர்க்கு எதிரே நூலறிவில் தேர்ந்த காவலர் உளர். மாங்குடி மருதனாரின் கள்வர்க்குக் கருவியும் காலமும் உண்டு, மந்திரம் இல்லை. எனவே காவலரின் கல்விக்கு அங்கே வேலை இருக்கிறது. மண்ணியல் சிறுதேர் என்னும் பெயரில் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழில் தந்த வடமொழி நாடகத்திலும், சுவரில் எவ்வடிவில் துளையிடலாம் என்று ஆராய்ந்து, பூணூலால் அளவெடுக்கும் கள்வன் ஒருவன் வருகிறான். அவன் திருடுவது தன் காதலியை அடிமைத்தளையினின்று மீட்பதற்காக. அளவும் காரணமும் இருப்பதால் அவன் நம் நெஞ்சில் நிற்கிறான்.

தோயோல்

இவ்வளவைகளோடு நோக்கின், யான் பரிந்துரைக்கும் பேய் மலாய் மக்களின் தோயோல். சிறு குழந்தை வடிவினது. இறந்த சிசுவின் ஆவி என்பர். அதனை வளர்ப்பவன் ஒருவன் உண்டு. அவன் தன் குருதியை உணவாக அளித்து அதனைப் பிறர் வீட்டிற்கு ஏவுவான் என்பதும், அது பணத்தைக் கவர்ந்து வரும் என்பதும் நம்பிக்கை. இதற்கு ஏற்ற காப்பும் மக்கள் வழக்கில் உண்டு. பணத்தோடு ஊசியை வைத்தால் அஞ்சும். கோலிக் குண்டுகளையோ பச்சைப் பயற்றையோ பரப்பி வைத்தால் வந்த வேலையை மறந்து விளையாடத் தொடங்கிவிடும்.

இதன் அழகை நோக்குக. கள்வனாகவும் குழந்தையாகவும் ஒரே பேய் இருக்கிறது. அதன் திறமை சிற்றுருவில் உள்ளது; அதன் குறை குழந்தைமையில் உள்ளது. பகடையை உருட்டி வாளால் வெட்டுவதற்கு இங்கே தேவையில்லை. வீட்டிலுள்ள கோலிகளைத் தேடி எடுத்தவனே வெல்வான். மேலும், அதனைப் பிடித்த பின்னரும் கதை முடிவதில்லை. 'உன்னை ஏவியவன் யார்?' என்னும் வினா எழுகிறது. கென்குவிடம் இவ்வினாவிற்குத் தேவையில்லை. தோயோலிடம் தவிர்க்க இயலாது.

டத்தோ கிராமாட் என்னும் பெயரே ஈண்டு நினைக்கத்தக்கது. கிராமாட் என்பது இறையருளால் நிகழும் அற்புதத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் முஸ்லிம் பெருமக்கள் கராமத்து என்பதும் அதுவே. அற்புதத்தின் பெயர் தாங்கிய அவ்வட்டாரத்தின் அருகிலேயே சிறைச்சாலையும் நிற்கிறது. ஆவிகளின் உலகமும் மனிதக் குற்றத்தின் உலகமும் அங்கே அண்டை வீடுகள்.

ஏவியவனும் ஏசப்படுபவனும்

எனினும் ஒரு தடை உண்டு. தோயோலை ஆட்டத்தில் சேர்ப்போர் அதனை அறிந்தே சேர்த்தல் வேண்டும். சாவாவில் இப்பேயைத் துயுல் என்பர். 1960இல் வெளிவந்த 'சாவாவின் சமயம்' என்னும் நூலில் அமெரிக்க மானிடவியலார் கிளிஃபர்டு கீர்ட்ஸ் துயுல் பற்றி எழுதியுள்ளார். விரைவில் செல்வம் சேர்த்தும், பழைய உடையோடு எளிய உணவு உண்டு வாழ்ந்தவர் மீதே துயுல் வளர்ப்பதாக ஐயம் விழுந்தது என்பது அவர் கண்ட செய்தி. சிக்கனமே குற்றத்தின் சான்றாகிவிட்டது! மதுரையில் கோவலன் கையிலிருந்த சிலம்பும் அவ்வாறே சான்றாயிற்று. திருடனைப் பற்றிய கதை, திருடாதவனைக் கொல்லவும் வல்லது.

எனவே கதை நடத்துவோர் ஒரு பொற்கொல்லனையும் கதையில் வைத்தல் நன்று. ஊரார் முன் நின்று, "இன்னார் வீட்டில்தான் தோயோல் இருக்கிறது" என்று பேயின் ஆற்றலை எட்டுவகையாக விரித்துரைக்கும் ஒருவன் வரட்டும். அவன் சொல்லை நம்பி வாளை எடுப்பார்களா, கோலிகளைப் பரப்பிக் காத்திருப்பார்களா என்பதே ஆடுவோர்க்குரிய சோதனை.

இளங்கோவடிகள் புகாரில் ஒரு பூதத்தை நிறுத்தினார். பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர் முதலியோரைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் சதுக்கப் பூதம் அது. முன்னொருகால், பொய்ச்சான்று உரைத்த ஒருவன் அதன் கையில் சிக்கியபோது, அவன் உயிர்க்கு ஈடாகத் தன் உயிரைத் தர முன்வந்தவன் கோவலன். பூதம் அதனை ஏற்கவில்லை. பின்னர் அவனே பொய்யுரையால் மாண்டான். மாண்ட அம்மாநகரில் பொற்கொல்லனைப் பிடிக்க எப்பூதமும் வரவில்லை. புகாரில் பூதம் செய்த வேலையை மதுரையில் மனிதர் செய்திருக்க வேண்டும். அவர்கள் செய்யவில்லை.

தம்பி மகனிடம் யான் கூறியது இதுவே: "தோயோலை எடுத்துக்கொள். அதற்கு மூன்று திறமைக்கு மேல் கொடுக்காதே. ஆனால் அதைப் பற்றி அழகாகப் பேசுகிற ஒருவனை ஊரில் வை. உன் நண்பர்கள் அவனைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டால் அந்த ஆட்டம் நல்ல ஆட்டம்." சிலம்பினை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்களும் கொலைக்களக் காதையை இவ்வாறு ஆடிக் காட்டலாம். காவலர் நிற்கும் இடத்தில் மாணவரை நிறுத்தி, பொற்கொல்லன் பேசி முடித்ததும், "இப்போது என்ன செய்வீர்?" என்று கேட்டால் போதும்.