புழுவின் முகம்

பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கல்லிடுக்கிலிருந்து ஒரு புழு தலை நீட்டினால் முதலில் வருவது பயம். நல்லதா கெட்டதா, பிடித்து வெளியே போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விளக்கைத் தணித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் முதலில் அதன் முகத்தைப் பாருங்கள் என்பேன். கடற்புழு யாரென்று தலையிலேயே எழுதியிருக்கிறது.

அதைப் படிக்கப் பழகப் பவளப்பாறை தேவையில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிச் சேறு போதும். பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீனியாகப் போகும் புழுக்கள் கிடைக்கிற சேறுதான் அது.

நீரிஸ் வகையைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்: நான்கு கண்கள், தலையோரம் நான்கு இணை இழைகள். மார்ஃபைசாவிடம்தான் நான் நின்றுவிடுவேன். தலையில் ஐந்து உணர்கொம்புகள். அதன் உறவான யூனிசிக்கும் அதே ஐந்து உண்டு. கூடவே கழுத்தோரம் ஓர் இணை இழை. அந்த இணை இழை இல்லாவிட்டால் மார்ஃபைசா. இல்லாத ஒன்றைத் தேடிப் பார்த்து ஆளை அறிவதில் எவ்வளவு சுவை! உடம்பைத் திருப்பினால் தோலில் நீலமும் பச்சையும் மின்னும். அது சாயமல்ல, மேல்தோலின் நுண்ணிழைகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருப்பதால் ஒளி செய்யும் வேலை. பக்கவாட்டுச் செவுள்களில் ரத்தம் பாய்ந்து சிவக்கும்போது அந்த நீலம் இன்னும் துலங்கும்.

ஒடிசாவின் சில்கா ஏரிப் புழுக்களை 1921இல் விவரித்த ஆய்வாளர் சதர்ன், மார்ஃபைசாவில் ஓர் இனத்துக்குக் கிரேவ்லியின் பெயரைச் சூட்டினார். எழும்பூர் அருங்காட்சியகத்தை 1940 வரை நடத்திய அதே கிரேவ்லி. அந்தப் புழு பசைக்கூழ் உருண்டைக்குள் முட்டையிட்டு வளைவாயில் விட்டுவைப்பதைச் சென்னையில் ஆராய்ந்து 1931இல் எழுதினார் ஆர். கோபால ஐயர்.

டயோபேட்ரா என்ற புழுவுக்கு முகத்தோடு வீடும் அழகு. சிப்பித் துண்டுகளையும் பாசியையும் ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் குழாய் கட்டும். அதை உள்ளிருந்து பிடித்து இழுக்காதீர்கள். குழாயோடு தட்டில் வைத்து, புதுக் கடல்நீர் ஊற்றிக் காத்திருந்தால் தானே மேலே வரும். முதலில் ஐந்து நீண்ட கொம்புகள், பிறகு சுருள் சுருளாய்ச் சிவந்த செவுள்கள். ஒவ்வொரு கொம்பின் அடியிலும் நுண்ணிய வளையங்கள் தெரியும். இனம் பிரிக்க அந்த வளையங்களின் எண்ணிக்கையும் வேண்டும். எண்ணி முடிக்கும்வரை விளக்கை நெருக்கமாகக் கொண்டுபோகக் கூடாது.